முட்புதருக்கு முடிசூட்டியது யார்?



கடற்கரையோரக் கிளைப்பங்கு ஒன்றில் ஞாயிறு திருப்பலி முடிந்து, ஆலய வாசலில் வேப்பமர நிழலில் மக்களோடு பேசிக்கொண்டிருந்தோம். குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றார் ஓர் அம்மா. கல்லறைக்குப் போகும் பாதையில் விளக்கு எரியவில்லை என்றார் இன்னொருவர். "கிராமசபையில் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டோம். பதில் இல்லை. கிராமசபைக்கு ஒருமுறையாவது போனவர்கள் கையை உயர்த்துங்கள் என்றோம். இருபது பேரில் ஒரே ஒரு கை உயர்ந்தது. ஊரே மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெல்லச் சிரித்தபடி சொன்னார்: "நமக்கு எதுக்கு ஃபாதர் அந்தச் சாக்கடை? நாம உண்டு, நம்ம செபம் உண்டுன்னு இருந்துட்டுப் போவோம்."

அவர் நல்லவர். ஒரு ரூபாய்க்கும் ஆசைப்படாதவர். ஆனாலும் அவருடைய பதில் அன்று முழுவதும் நம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெனில், ஏறக்குறைய அதே பதிலை விவிலியத்தில் மூன்று மரங்கள் சொல்லியிருக்கின்றன!

ஐந்தாண்டு ஆளில்லாத நாற்காலி

அந்த மரங்களிடம் போகும் முன், நம் ஊர் நிலவரத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி தமிழகத்தில் 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை 2001, 2006, 2011 என்று தொடர்ந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்பது வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. அதன்பின் ஆண்டுகள் ஓடின. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. நமக்கு நடக்கவில்லை. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து புதிதாகப் பிறந்த மாவட்டம் நம்முடையது. தொகுதி வரையறை முடியாததால் ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றில் செங்கல்பட்டும் ஒன்று.

கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய இரு நாள்களில்தான் நம் ஊர்களில் வாக்குப்பதிவு நடந்தது. அதாவது, திருப்போரூர் முதல் இலத்தூர் வரை, திருக்கழுக்குன்றம் முதல் சித்தாமூர் வரை, ஐந்து ஆண்டுகள் எந்தக் கிராமத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். கொரோனாவின் கொடிய நாள்களிலும் அதே நிலைதான். அந்த ஐந்தாண்டில் நம் பங்குகளில் எத்தனை பேர் இதைக் கேள்வி கேட்டோம்? திருவிழாத் தேர் ஒரு வாரம் தள்ளிப்போனால் கூடிப் பேசுகிற நாம், மக்களாட்சி ஐந்தாண்டு தள்ளிப்போனதை மௌனமாகக் கடந்துவிட்டோம்.

2021இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் தரும் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு நிறைவடைகிறது. எனவே இது இறைவார்த்தையின் ஒளியில் சிந்திக்க வேண்டிய நேரம்.

மரங்கள் தேடிய அரசன்

நீதித்தலைவர்கள் நூலின் 9-ஆம் அதிகாரம் ஒரு தேர்தல் கதையைச் சொல்கிறது. கிதியோன் பெரிய வீரர். மக்கள் அவரை ஆளச் சொன்னபோது, ஆண்டவரே உங்களை ஆள்வார் என்று மறுத்துவிட்டார். அவர் இறந்தபின் அவருடைய மகன் அபிமெலக்கு கிளம்பினான். தாயின் ஊராகிய செக்கேமுக்குப் போய், நான் உங்கள் இரத்த உறவு அல்லவா, வேறு யாரோ ஆள்வதைவிட நான் ஆள்வது நல்லதல்லவா என்று சொந்தக்காரர்களைக் கொண்டு பேசவைத்தான். நம் மொழியில் சொன்னால், "நம்ம ஆளு!" அடுத்து, கோவில் கருவூலத்திலிருந்து எழுபது வெள்ளிக்காசு கிடைத்தது. அதைக் கொண்டு வேலையற்ற முரடர்களைக் கூலிக்குப் பிடித்தான். தன் சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்றான். பிறகு முடிசூட்டு விழா!

சாதியும் காசும் அடியாளும் சேர்ந்து ஒரு தலைவனை உருவாக்கும் வித்தை நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்ததை நாம் அறிவோம். எழுபது வெள்ளிக்காசு இப்போது மடித்த நோட்டாக உறைக்குள் வருகிறது. அவ்வளவே வேறுபாடு.

உயிர்தப்பிய கடைசித் தம்பி யோத்தாம், கெரிசிம் மலையுச்சியில் நின்று ஊராருக்கு ஒரு கதை சொன்னான். மரங்களெல்லாம் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடின. ஒலிவ மரத்தைக் கேட்டன. என் எண்ணெயை விட்டுவிட்டு வரமுடியாது என்றது ஒலிவம். அத்தியைக் கேட்டன. என் இனிமையை விடமுடியாது என்றது அத்தி. திராட்சையைக் கேட்டன. என் இரசத்தை விடமுடியாது என்றது திராட்சை. கடைசியில் முட்புதரைக் கேட்டன. அது உடனே ஒத்துக்கொண்டது. என் நிழலில் வந்து தங்குங்கள், மறுத்தால் என்னிலிருந்து தீ புறப்பட்டு லெபனோனின் கேதுரு மரங்களையே எரிக்கும் என்றது.

முட்புதருக்கு நிழல் ஏது? நம் பாலாற்றங்கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்!

இந்தக் கதையைப் படிக்கும்போது நாம் வழக்கமாக முட்புதரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சற்று நின்று பார்ப்போம். முட்புதர் தானாக வந்து அரியணையைப் பறிக்கவில்லை. மூன்று நல்ல மரங்கள் விலகிக்கொண்டதால் அதற்கு அழைப்பு வந்தது. எண்ணெயும் இனிமையும் இரசமும் மேலான கொடைகள்தாம். அந்தக் கொடைகளைக் காரணம் காட்டியே அவை பொறுப்பிலிருந்து நழுவின. யோத்தாமின் எச்சரிக்கை மூன்றே ஆண்டில் பலித்தது. செக்கேம் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த ஏறக்குறைய ஆயிரம் பேர் தீயில் மாண்டார்கள்.

நம் ஆசிரியர் பெருமகனார் ஓர் ஒலிவ மரம். நம் பங்குகளில் இப்படி எத்தனை ஒலிவ மரங்கள்!

ஒதுங்குவது தாழ்ச்சியா?

"எனக்குத் தகுதியில்லை" என்பதை நாம் தாழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். மோசே எனக்குப் பேச வராது என்றார். எரேமியா நான் சிறுபிள்ளை என்றார். ஆண்டவர் அந்தச் சாக்குகளை ஏற்கவில்லை. தகுதியின்மையை உணர்வது தாழ்ச்சிதான். ஆனால் அதைச் சொல்லி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்வது வேறு.

ஒதுங்குகிறவர்கள் எல்லாரும் விரும்பி ஒதுங்குவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கதவே சாத்தப்பட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இன உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். ஆகவே, பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், அதே தெருவில் பிறந்து அதே தீண்டாமையை அனுபவித்தவர், திருமுழுக்குப் பெற்றவர் என்ற காரணத்தால் போட்டியிட முடியாது. இந்த அநீதி நீங்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றமே 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் குரலை நாம் தொடர்ந்து எழுப்பவேண்டும். அதே வேளையில் ஒன்றை மறக்கக்கூடாது. ஒதுக்கீட்டு இடத்தில் நிற்கத்தான் தடை இருக்கிறது. கிராமசபையில் அமர்ந்து கேள்வி கேட்க, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

கணக்கு ஒப்படைத்த தலைவர்

முதிர்ந்த வயதில் சாமுவேல் மக்கள் முன் நின்று தம் கணக்கை வைத்தார் (1 சாமு 12). யாருடைய மாட்டையாவது எடுத்தேனா, யாருடைய கழுதையையாவது எடுத்தேனா, யாரிடமாவது கையூட்டு வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேனா, சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். மக்கள் இல்லை என்றார்கள். பதவியிலிருந்து இப்படி இறங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஆயினும் அந்த மாமனிதர் ஓர் இடத்தில் தவறினார். தம் மகன்கள் யோவேலையும் அபியாவையும் நீதித்தலைவர்களாக அமர்த்தினார். அவர்கள் கையூட்டு வாங்கினார்கள். மக்கள் வெறுத்துப்போய் அரசன் வேண்டும் என்று கேட்டது அதனால்தான் (1 சாமு 8).

செங்கல்பட்டுக்கு அண்மையில் இருக்கும் உத்திரமேரூருக்குப் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் காணலாம். ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகள் அவை. அவற்றில் ஒன்று நம்மை வியக்கவைக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சித்தி மகன், அத்தை மகன், மாமன், மாமனார், மருமகன் என்று உறவு முழுவதற்கும் தடை! சாமுவேல் சறுக்கிய இடத்தில் நம் முன்னோர் வேலி போட்டார்கள். அந்தச் சபையில் பெண்களுக்கோ உழைக்கும் மக்களுக்கோ இடமில்லை. அந்தணர் ஊரின் நிலவுடைமையாளர் சபை அது. ஆகவே அதை அப்படியே புகழ்வதற்கில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்ற அந்த ஒரு வரம்பு ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் நமக்குப் பாடமாக இருக்கிறது.

இதை எழுதும்போது குருக்களாகிய நம் பக்கமும் விரல் திரும்புகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது திருஅவைச் சட்டம் (எண் 537). திருவிழா வரவு-செலவை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், ஊராட்சித் தலைவரிடம் கணக்குக் கேட்கச் சொல்லி மறையுரை வைப்பது எப்படித் தகும்?

கேட்கும் காதுள்ள தலைவர்

சாலமோன் ஆண்டவரிடம் செல்வமோ நீண்ட ஆயுளோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்க, நன்மை தீமை பகுத்தறியும் உள்ளம் கேட்டார் (1 அர 3). எபிரேயத்தில் அதன் நேர்ப்பொருள் 'செவிகொடுக்கும் இதயம்'. அவருடைய மகன் ரெகபெயாமுக்கு அந்த இதயம் இல்லை. சுமையைக் குறையுங்கள் என்று மக்கள் வந்து கெஞ்சினார்கள். இன்று இவர்களுக்குப் பணியாளனாக நடந்துகொள், என்றும் உன்னோடு இருப்பார்கள் என்றனர் பெரியவர்கள். அவரோ தம்மோடு வளர்ந்த நண்பர்களின் பேச்சைக் கேட்டுச் சுமையைக் கூட்டினார். நாடு இரண்டானது (1 அர 12).

செவிகொடுத்த தலைவர் ஒருவரை நாம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் பிரிந்தபோது திருவள்ளூருக்குப் போன ஊர் குத்தம்பாக்கம். பொறியியல் படித்து, ஆய்வு நிறுவன வேலையில் இருந்த இளங்கோ ரங்கசாமி அதை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். தலித் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாண்டு தலைவராக இருந்தார். வடிகால் கட்டியதில் விதிமீறல் என்று இடைநீக்கம் செய்யப்பட்டபோது, அவர் விவரத்தைக் கிராமசபை முன் வைத்தார். மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது. அவர் காலத்தில் எழுந்த சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறு பக்கம் வேறு சாதிக் குடும்பம், இடையில் பொதுவாக ஒரே சுவர்! பிரிக்கும் சுவரையே சேர்க்கும் சுவராக்கியது அந்த ஊர். இவரும் ஓர் ஒலிவ மரம்தான். என் எண்ணெய் எனக்குப் போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூனையும் துண்டும்

மாமல்லபுரம் வருகிறவர்கள் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நிற்காமல் போவதில்லை. யானைகளைப் பார்ப்பார்கள், நாகர்களைப் பார்ப்பார்கள். கீழே யானைகளின் அருகில் பல்லவச் சிற்பி ஒரு பூனையைச் செதுக்கியிருக்கிறான். மேலே தவம் செய்பவரைப் போலவே முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது அது. சுற்றிலும் எலிகள். சாமியார் பூனையை நம்பிவிட்டன போலும்! தேர்தல் காலத்தில் வீடு வீடாகக் கும்பிட்டு வரும் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பூனை நினைவுக்கு வரும். நடித்துக் காட்டும் பணிவின் வயது பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல்.

உண்மையான பணிவு எப்படி இருக்கும்? பெரிய வியாழன் இரவில் பார்க்கிறோம். தந்தை அனைத்தையும் தம் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்பதை இயேசு அறிந்திருந்தார், அறிந்தே பந்தியிலிருந்து எழுந்தார் என்கிறார் யோவான் (13:3-4). அதிகாரம் இல்லாததால் அவர் குனியவில்லை. எல்லா அதிகாரமும் கையில் இருந்தபோது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். தாழ்ச்சி என்பது ஒதுங்கிக்கொள்வதல்ல, குனிவது. முழுச் செய்தியும் இந்த ஒரு வரிதான்.

2019 ஏப்ரல் 11 அன்று, 82 வயதில், கால் வலியோடு, திருத்தந்தை பிரான்சிஸ் தென் சூடான் தலைவர்களின் பாதங்களைக் குனிந்து முத்தமிட்டார். போரை நிறுத்துங்கள் என்பதே அவருடைய ஒரே வேண்டுதல். 2018 கேரள வெள்ளத்தில் மீனவ இளைஞர் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டு முதுகைப் படியாக்க, பெண்கள் அதில் மிதித்துப் படகில் ஏறினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரையோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, மூழ்கிய புறநகர்த் தெருக்களுக்கு விரைந்தார்கள். அவர்களில் பலர் 2004 டிசம்பர் 26 அன்று கடலிடம் எல்லாவற்றையும் இழந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு யாரும் எந்தப் பதவியும் தந்திருக்கவில்லை.

இன்னொரு படமும் நினைவில் இருக்கட்டும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில். பிறர் பாதத்தைக் கழுவத் தானாகக் குனிவது நற்செய்தி. ஒருவரைச் சாதி சொல்லித் தரையில் உட்காரவைப்பது பாவம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒடுக்கப்பட்டவரிடம் போய் "தாழ்ச்சியாக இருங்கள்" என்று போதிக்கும் குற்றத்தை நாம் ஒருபோதும் செய்யக்கூடாது. தெபோரா பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து இஸ்ரயேலுக்கு நீதி வழங்கினார். படைத்தலைவன் பாராக்கே அவரின்றிப் போருக்குப் போக மறுத்தான் (நீத 4). உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் வந்தது. ஆனால் கையெழுத்து மனைவியுடையது, நாற்காலி கணவனுடையது என்ற நிலை இன்னும் எத்தனை ஊர்களில்! நம் அன்பியங்களிலேயே செபம் முன்மொழிவது பெண்கள், முடிவெடுப்பது ஆண்கள் என்றிருந்தால் தெபோராக்கள் எங்கிருந்து வருவார்கள்?

நாம் செய்யக்கூடியவை

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். திருவிழாக்களைப் போல இந்த நாள்களையும் பங்கு நாள்காட்டியில் குறிப்போம். முந்தைய ஞாயிறு அறிவிப்பில் சொல்வோம். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இருவர் போகட்டும். வரவு-செலவு வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்கட்டும். சண்டைக்காக வேண்டாம், சாட்சியாகப் போகட்டும். தேர்தல் வரும்போது, யார் நம் சாதி என்று கேட்பதற்கு முன், யார் கணக்குக் காட்டுவார் என்று கேட்போம். உறைக்குள் வரும் நோட்டைத் திருப்பிக் கொடுப்போம். தகுதியுள்ள நம் இளைஞரும் பெண்களும் நிற்க முன்வந்தால், "உனக்கு எதுக்கு?" என்று கேட்காமல் தோளில் கைபோட்டு அனுப்புவோம். எந்தக் கட்சிக்கும் பீடத்திலிருந்து வாக்குக் கேட்க வேண்டாம். அது குருக்களின் வேலையல்ல. மனச்சான்றை எழுப்புவது நம் வேலை.

அந்த வேப்பமரத்தடிப் பேச்சுக்குப் பின் வந்த கிராமசபைக்கு நம் ஆசிரியர் போய்வந்தார். "ஃபாதர், ஒண்ணும் பெரிசா நடக்கல. ஆனா தண்ணி விஷயத்தை நோட்டுல எழுத வச்சுட்டேன்" என்றார். நமக்கு அது போதும். சிறியவற்றில் உண்மையாய் இருப்பவரிடம்தானே ஆண்டவர் பெரியவற்றை ஒப்படைப்பார்!

சிந்திப்போமா? கடைசியாக நான் கிராமசபைக்குப் போனது எப்போது? என் பொறுப்பில் இருக்கும் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? நான் ஒதுங்கிய இடத்தில் இன்று யார் அமர்ந்திருக்கிறார்?

இறைவா, எம் எண்ணெயையும் இனிமையையும் எமக்கென்றே வைத்துக்கொண்டு, உம் மக்களை முட்புதரின் நிழலுக்கு அனுப்பிய எங்களை மன்னியும். செவிகொடுக்கும் இதயத்தையும், கணக்கு ஒப்படைக்கும் துணிவையும், துண்டை எடுத்துக் குனியும் அன்பையும் எமக்குத் தாரும். ஆமென்.